அடுத்தாள் செல்லையாவின் காதல்

என் பெரியப்பாவின் தகரப்பெட்டியில் ஒரு கட்டு நோட்டு கிடந்தது. எல்லாம் பத்து டாலர் நோட்டு. வாழைமரமும் குலையுமாக அச்சிட்டிருக்கும். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட மூன்றரை வருஷத்தில் அடித்துத் தள்ளிய காசு. 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று அறிவித்துவிட்டான். பினாங்கில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போன பெரியப்பா, அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவந்த சம்பாத்தியம் அந்தக் கட்டுதான். நாங்கள் கடை வைத்து விளையாட அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும், “போயி வேலையப் பாருங்கடா” என்பார்.

அவர் சொல்லாத கதை எனக்கு ஒரு நாவலில் கிடைத்தது. மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ‘கடலுக்கு அப்பால்’. எழுதியவர் ப. சிங்காரம்.

சரித்திர நாவல் என்றால் நமக்குக் குதிரைக் குளம்பொலி கேட்க வேண்டும். இளவரசி உப்பரிகையில் நிற்க வேண்டும். சிங்காரத்தின் சரித்திரத்தில் பேரேடு எழுதுகிறவர்களும் தவணைப் பணம் வசூலிக்கப் போகிறவர்களும் வருகிறார்கள். அவரே அப்படிப் போனவர்தான். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி, சுமத்ரா தீவின் மேடான் நகரத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1942இல் ஜப்பானியப் படை அந்த ஊருக்குள் நுழைந்ததையும், 1945இல் அது சரணடைந்ததையும் கடைக்காரச் சனங்களோடு இருந்து அனுபவித்தவர். தலைப்பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் போய்விட்டார்கள். 1946இல் தனியாளாக ஊர் திரும்பினார். மதுரையில் ‘தினத்தந்தி’யில் நாற்பது வருஷம் வேலை. ஜாகை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த விடுதி வழியாக நான் மூன்று வருஷம் கல்லூரிக்கு நடந்திருக்கிறேன். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. 1997இல் அவர் காலமானபோதும் தெரியாது.

‘கடலுக்கு அப்பால்’ கதைக்கு வருகிறேன். பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடை. அங்கே செல்லையா அடுத்தாள். இந்த வார்த்தைக்கு இப்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கரைச் சீமைக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கு விடப் போனவர்களின் கடைகளில் ஏவின வேலைக்கெல்லாம் ஓடுகிறவன் பெட்டியடிப் பையன். கணக்கும் வசூலும் பார்க்குமளவுக்கு உயர்ந்தால் அடுத்தாள். கடைப் பொறுப்பு முழுவதையும் சுமப்பவர் மேலாள். மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். முடிந்ததும் ஊருக்கு வந்து கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். கையில் காசு வைத்திருக்கும் மேலாளைவிட, தெருத்தெருவாக நடந்து கடன்காரனின் முகம் பார்த்து வசூலிக்கிற அடுத்தாளுக்குத்தான் ஊர் நிலவரம் தெரியும். பெரியப்பாவுக்கு எண்பது வயதிலும் எதிரே வருகிறவனின் நடையை வைத்தே அவன் கடன் கேட்க வருகிறானா, கொடுக்க வருகிறானா என்று சொல்லத் தெரிந்தது.

செல்லையாவுக்கும் முதலாளி மகள் மரகதத்துக்கும் விருப்பம். இடையில் யுத்தம். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். தோட்டத்துப் பாட்டாளிகளோடு கடைப் பையன்களும் அந்தப் படையில் சேர்ந்தார்கள். செல்லையாவும் போனான். ஜப்பான் தோற்ற பிறகு உயிரோடு திரும்பி வந்தான். சினிமாவாக இருந்தால் அடுத்த காட்சி கல்யாணம். வயிரமுத்துப் பிள்ளை முடியாது என்கிறார்.

இங்கேதான் சிங்காரம் எனக்குப் பெரிய எழுத்தாளராகத் தெரிகிறார். பிள்ளை கொடுமைக்காரர் இல்லை. சாதி, பணம் என்று எளிதாகக் கைகாட்டவும் முடியாது. அவர் பயம் தொழில் சார்ந்தது: துப்பாக்கி பிடித்தவன் வட்டிக்கடைக்கு ஆகமாட்டான். வசூலுக்குப் போகிறவன் வளைய வேண்டும், ஏச்சு கேட்க வேண்டும், கேட்டும் சிரிக்க வேண்டும். மரணத்தை எதிரே பார்த்து வந்தவனிடம் அந்த வளைவு இருக்காது என்று நினைக்கிறார். அது உண்மையும்கூட. செல்லையா மாறித்தான் போயிருக்கிறான். முதலாளி முன்னால் அவன் நிற்கிற நிற்பே வேறு. அவனை ஆளாக்கியது எதுவோ அதுவே அவனுக்குப் பெண் இல்லாமல் ஆக்குகிறது. மரகதத்தை நாகலிங்கம் என்ற வேறொரு பையனுக்குப் பேசி முடிக்கிறார்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போக அவனுக்குத் தைரியம் இல்லாமலா? படை நடத்தியவன். ஆனால் போவதில்லை. பெற்றவர்கள் சொல்கிறபடி கேள் என்று அவளிடமே சொல்லி விடைபெறுகிறான். முதல் தடவை படித்தபோது எனக்கு வயது இருபது. புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல் கோபம் வந்தது. கோழை என்று திட்டினேன். ஐம்பதைத் தாண்டியபிறகு படிக்கையில், ஜெயித்து அடைவதைவிடப் பிரியத்தோடு விடுவதற்குத்தான் அதிக வலு வேண்டியிருக்கிறது என்று தோன்றுகிறது. செல்லையா இன்னார் என்று அவனுக்கே தெரிவது போர்க்களத்தில் அல்ல, அந்த விடைபெறுதலில்தான்.

குறை இல்லாமல் இல்லை. மரகதம் பேசுவது மிகக் குறைவு. அவளுடைய யுத்தம் எப்படியிருந்தது, செல்லையா விடைபெற்ற இரவு அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு நாவலில் பதில் போதவில்லை. சிங்காரத்தின் ஆண்கள் விடிய விடியப் பேசுவார்கள். பெண்கள் அழுதுவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

1950இல் எழுதிய இந்த நாவல், கலைமகள் பரிசு பெற்று வெளிவர 1959 ஆயிற்று. அடுத்த நாவல் ‘புயலிலே ஒரு தோணி’ 1962 வாக்கில் எழுதப்பட்டு 1972இல்தான் அச்சானது. அதில் பாண்டியன் என்றொருவன் மேடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் புயல்கடலைக் கடந்து போகிறான். விமர்சகர்கள் கொண்டாடுவது அதைத்தான், நியாயமும்கூட. பகடி, பாண்டியனின் சொந்த ஊரான சின்னமங்கலத்து நினைவு, மதுரைத் தெருக்கள், உளவு, கொலை எல்லாம் ஒரே வெள்ளமாகப் புரளும். ஆனால் புதிதாக வாசிக்க வருகிறவர் கையில் நான் முதலில் கொடுப்பது செல்லையாவைத்தான். இரண்டே நாவல். அதற்குமேல் அவர் எழுதவில்லை.

பெரியப்பாவிடம் ஒருமுறை அந்தக் கிழிந்த புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் மூன்று நாள் படித்தார். விரலை வரிக்கு வரி நகர்த்தி, பேரேடு பார்ப்பது போல. நான்காம் நாள் திருப்பித் தந்தார்.

“எப்படி இருக்கு பெரியப்பா?”

“முதலாளி சொன்னதுலயும் தப்பில்லடா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் புள்ளயக் கட்டுனவன் பேரு என்னா போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“நாகலிங்கம்.”

“ம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய், தகரப்பெட்டியைத் திறந்து எதையோ தேடினார். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டார்.