மெய்நிகர் உதவியாளர்

மெய்நிகர் உதவியாளர் என்பவர் ஒரு நிறுவனத்தின் அல்லது தனிநபரின் அலுவலகப் பணிகளை, அங்கு நேரில் வராமல், வேறோர் இடத்திலிருந்து தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் வழியாகச் செய்து தருபவர் ஆவார். இவர் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கட்டணம் பெறுகிறார். முழுநேர எழுத்தர் ஒருவரை அமர்த்த இயலாத சிறுதொழில்களுக்கு இம்முறை பயன்படுகிறது. 2011 இல் ஐபோனில் அறிமுகமான சிரி போன்ற மென்பொருள்களும் இப்பெயரால் அழைக்கப்படுவதுண்டு. இக்கட்டுரை மனிதர் செய்யும் பணியைப் பற்றியது.

வரலாறு

இணையமும் மின்னஞ்சலும் பரவிய 1990களில் அமெரிக்காவில் இப்பெயர் வழக்குக்கு வந்தது. இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று, 1928 இல் தொடங்கப்பட்ட டி. டி. கே. குழுமத்தைச் சார்ந்து பெங்களூரில் இயங்கிய "யுவர் மேன் இன் இந்தியா" ஆகும். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு ஊரிலுள்ள சில்லறை அலுவல்களை இது முடித்துக் கொடுத்தது. பின்னர் "கெட் ஃப்ரைடே" என்னும் பெயரில் பிற நாட்டவருக்கும் உதவியாளர் சேவை வழங்கப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் ஏ. ஜே. ஜேக்கப்ஸ் 2005 இல் எஸ்குவயர் இதழில் பெங்களூர் உதவியாளர்களைக் கொண்டு தம் அலுவல்களை நடத்தியதைப் பற்றி எழுதினார். 2007 இல் டிம் ஃபெரிஸ் எழுதிய நூலும் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது.

திருக்கடையூர்: ஓர் எடுத்துக்காட்டு

மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள திருக்கடையூர், அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்னும் தொன்மத்தால், 60, 70, 80 வயது நிறைவுச் சடங்குகளை இங்குள்ள அமிர்தகடேசுவரர் கோயிலில் செய்வது வழக்கம். இவற்றைச் சார்ந்து தங்கும் விடுதி, சமையல், மாலை, ஒளிப்படம் எனப் பல சிறுதொழில்கள் நடைபெறுகின்றன.

இத்தொழில்களின் இயல்பு உதவியாளர் முறைக்கு ஏற்றது. சடங்குகள் காலையில் நடப்பதால் அந்நேரத்தில் உரிமையாளர் தொலைபேசியை எடுக்க இயலாது. விசாரணையோ சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பிள்ளைகளிடமிருந்து வரலாம். நியூயார்க்கில் மாலை 6 மணி என்றால் இந்தியாவில் மறுநாள் அதிகாலை 3.30 அல்லது 4.30 மணி ஆகும். பதில் கிடைக்காதவர் அடுத்தவரை நாடுவார். எனவே விசாரணைக்குப் பதில் அளித்தல், விலைப்பட்டியல் அனுப்புதல், அறைப் பதிவேட்டைப் பேணுதல், முன்பணத்தை நினைவூட்டல் ஆகியவற்றை உதவியாளரிடம் விடலாம்.

ஆனால் நாள் குறிப்பதை விட இயலாது. ஒருவர் பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் 60 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வரும்போது, பிறந்த மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளில் மணிவிழா நடத்தப்படுகிறது. இது ஆங்கிலத் தேதிப் பிறந்தநாளுடன் பெரும்பாலும் பொருந்துவதில்லை. நட்சத்திரச் சுழற்சி ஏறத்தாழ 27 நாள் என்பதால், ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இருமுறை வரவும் கூடும். உதவியாளர் பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டுக் குறிக்கலாம். நாளைப் புரோகிதரே முடிவு செய்ய வேண்டும். தவறான நாளில் உறவினர்கள் பயணச்சீட்டு வாங்கிவிட்டால் அப்பிழையை எளிதில் திருத்த முடியாது.

அமர்த்தும் முறை

1. ஒரு வாரத்தில் செய்யும் வேலைகள் அனைத்தையும் அவற்றுக்கு ஆகும் நேரத்துடன் எழுதுதல்.
2. அடிக்கடி திரும்ப வருபவற்றையும், விதியாக எழுதித் தரக்கூடியவற்றையும் பிரித்தல்.
3. அவ்விதிகளையும், உரிமையாளரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டியவற்றையும் எழுத்தில் தருதல்.
4. சில வாரங்கள் சிறிய வேலைகளை மட்டும் கொடுத்துப் பார்த்தல்.
5. எத்தனை விசாரணைகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் சென்றது, அவற்றுள் எத்தனை பதிவாக மாறின என்பதைக் கட்டணத்துடன் ஒப்பிடுதல்.

இரண்டாம், மூன்றாம் படிகளே முதன்மையானவை. உரிமையாளரின் நினைவில் மட்டும் இருக்கும் வேலையைத் தொலைவிலிருப்பவர் செய்ய இயலாது.

சட்டமும் பாதுகாப்பும்

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, முகவர் தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்துக்குள் செய்யும் ஒப்பந்தம் முதல்வரைக் கட்டுப்படுத்தும். உதவியாளர் இவ்வாறு முகவராகச் செயற்பட்டு உறுதி செய்த அறைக்கும் விலைக்கும் உரிமையாளரே பொறுப்பாவார். எனவே தள்ளுபடியின் உச்ச அளவை முன்கூட்டியே வரையறுப்பது நன்று. வாடிக்கையாளரின் முகவரி, பிறந்த விவரம் போன்றவை தனிநபர் தரவுகள் ஆகும். இணையவழியில் கையாளப்படும் இத்தகைய தரவுகளுக்காக இந்திய நாடாளுமன்றம் 2023 இல் தனிச் சட்டம் இயற்றியது. முன்பணம் தொழிலின் வங்கிக் கணக்குக்கே நேராக வரவேண்டும். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. ஆகவே அதனையோ வங்கிக் கடவுச்சொல்லையோ உதவியாளரிடம் தர வேண்டியதில்லை.

வரம்புகள்

விசாரணைகள் பெருகினாலும் அறைகளின் எண்ணிக்கையும் சமையற்காரர்களின் உழைப்பும் உடன் பெருகுவதில்லை. ஏற்க இயலாத பதிவுகளை மறுக்கும் விதியும் உதவியாளருக்கு வேண்டும். முதியோர் படியேற இயலுமா, கூட்டத்தில் எங்கு அமர்வர் என்பவற்றை நேரில் கவனிப்பது உள்ளூராரின் பணியாகவே உள்ளது. உதவியாளரால் மிச்சப்படும் நேரத்தை உரிமையாளர் இத்தகைய பணிகளுக்குச் செலவிடும்போதே தொழிலின் நற்பெயர் வளர்கிறது.