காலாவதிக்கு முன்பே விண்ணப்பம்: ஜெர்மனியில் வதிவிட அனுமதி பெறுவோர் அறிய வேண்டியவை

படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஜெர்மனியில் வசிக்கும் அயல்நாட்டவர் தம் வதிவிட அனுமதியை, அதாவது அந்நாட்டில் சட்டப்படி தங்குவதற்கான உரிமையை, நீட்டிக்க உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தையே நாட வேண்டும். பெருநகரங்களில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆவதால், அதற்குள் அட்டை காலாவதியாகி வேலையும் பறிபோய்விடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர்.

இந்த அச்சத்துக்கு, 2005 முதல் நடைமுறையிலுள்ள வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு விடை தருகிறது. அனுமதி முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால், அலுவலகம் முடிவெடுக்கும்வரை பழைய அனுமதி, அதிலுள்ள வேலை உரிமையோடு, தொடர்வதாகவே சட்டம் கருதுகிறது. குறுகிய காலச் செங்கன் விசாவுக்கு மட்டும் இது பொருந்தாது. எனவே நேர்காணல் நாளைவிட விண்ணப்பம் அலுவலகத்தைச் சேர்ந்த நாளே முக்கியம். இணையத்தில் நேரம் பதிவு செய்தாலே விண்ணப்பித்ததாகிவிடும் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. கையொப்பமிட்ட விண்ணப்பக் கடிதத்தைக் கடவுச்சீட்டு நகலுடன் ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வரும் அட்டையைப் பத்திரப்படுத்துவதே பாதுகாப்பு.

இவ்வாறு விண்ணப்பித்தவர் இடைக்காலச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். மடித்த தாளாக வரும் அதன் உட்பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். பழைய அனுமதி தொடர்கிறது என்னும் மூன்றாம் கட்டத்தில் குறியிருந்தால்தான் வெளிநாடு சென்று திரும்பி நுழைய முடியும். முதல் கட்டத்தில் குறியுள்ள தாளை நம்பி ஊருக்குப் புறப்படுபவர், புதிய விசா இல்லாமல் திரும்ப இயலாது. விமானச் சீட்டு வாங்குமுன் இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தேவையான ஆவணங்களைத் தருவது விண்ணப்பதாரரின் கடமை. அதை நிறைவேற்றிய பின்னும் தக்க காரணமின்றி மூன்று மாதங்களாக முடிவு வராவிட்டால், நிர்வாக நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, அலுவலகம் செயல்படாமல் இருப்பதை எதிர்த்து வழக்குத் தொடரலாம். அவ்வாறு வழக்குத் தொடர்வது அதிகாரிகளைப் பகைப்பதாகாது. சட்டமே திறந்துவைத்த வழி அது.

மறுப்பாணை வந்தால் முறையீட்டுக்கோ வழக்குக்கோ பொதுவாக ஒரு மாதமே அவகாசம். அந்த வழியையும் கெடுவையும் ஆணை குறிப்பிடத் தவறினால் ஓராண்டு கிடைக்கும். ஆனால் முறையீடு செய்ததாலேயே மறுப்பின் விளைவு நின்றுவிடாது என்பதால், நீதிமன்றத்தில் இடைக்கால நிவாரணமும் கோர வேண்டியிருக்கும். குறைந்த வருமானமுடையோர் பெரும்பாலான மாநிலங்களில் உள்ளூர் நீதிமன்றத்தில் உதவிச் சீட்டுப் பெற்று, 15 யூரோ கட்டணத்தில் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறலாம். ஆணை கைக்கு வந்த வாரத்திலேயே அந்தச் சீட்டைக் கேட்டுவிடுங்கள்.