பலசாலி ஆக வேண்டுமா? குன்னூர் எலிகளைக் கேளுங்கள்!

சாலவாக்கம் பக்கத்துக் கிராமங்களில் வயதான விவசாயி ஒருவரிடம், "அந்தக் காலத்தில் நீங்கள் என்ன தேகப்பயிற்சி செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சிரித்துவிடுவார்.

ஏற்றம் இறைத்தவருக்குத் தனியாகத் தேகப்பயிற்சி எதற்கு? விடியுமுன் கிணற்றடிக்குப் போவார்கள். வெயில் ஏறும்போது ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். பிறகு ஏர், மண்வெட்டி, கதிர் அரிவாள். அவர்களுக்கு உழைப்பே பயிற்சியாக இருந்தது.

இன்று ஏற்றம் இல்லை. மோட்டார் பம்பு இறைக்கிறது. ஏருக்குப் பதில் டிராக்டர் உழுகிறது. உத்திரமேரூர் வட்டாரத்து இளைஞர்கள் பலர் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். திரும்பும் வழியில் பரோட்டா; கையில் ஒரு பாட்டில் இனிப்புப் பானம். சம்பளம் வந்தது, சந்தோஷம்தான். கூடவே தொப்பையும் வந்தது!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக அது சொல்கிறது. இந்த வியாதி பட்டணத்தோடு நிற்கவில்லை. கிராமத்துக்கும் வந்துவிட்டது.

"என்ன செய்வது? நம் உடம்பு வாகு அப்படி!" என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். அது சரிதானா? இதற்கான பதிலைச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் நீலகிரி மலையில், சில எலிகள் சொல்லிவிட்டன!

எலிகள் சொன்ன சாட்சி

ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் அயர்லாந்துக்காரர். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், 'பெரிபெரி' நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். கால் மரத்துப்போய், உடல் வீங்கி, இதயத்தையே பாதிக்கும் நோய் அது.

இந்தியாவில் ஒரு பகுதி மக்கள் வாட்டசாட்டமாக இருக்கிறார்கள். இன்னொரு பகுதியினர் மெலிந்து இருக்கிறார்கள். இதற்குக் காரணம் பிறப்பா, சாப்பாடா? மக்காரிசனுக்கு இந்தச் சந்தேகம் எழுந்தது.

ஒரே இனத்து எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி. இன்னொரு கூட்டத்துக்குப் பட்டாணியர் சாப்பாடு. இப்படியே மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் சாப்பாடுகள். கடைசிக் கூட்டத்துக்குச் சென்னை மாகாணச் சாப்பாடு: தீட்டிய அரிசிச் சோறு நிறைய, மற்றவை கொஞ்சம்.

முடிவு என்ன தெரியுமா? சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். சென்னைச் சாப்பாடு தின்ற எலிகள் 155 கிராம்தான். கடைசி இடம்!

இதைப் படித்ததும் நமக்குக் கோபம் வரலாம். ஆனால் நிதானமாக யோசித்தால் சந்தோஷப்பட வேண்டிய செய்தி இது. எல்லாம் ஒரே இனத்து எலிகள். பிறப்பில் குறை இல்லை, தட்டில்தான் குறை. தட்டை மாற்றலாம் அல்லவா?

(மக்காரிசனின் அந்த ஒற்றை அறை ஆராய்ச்சி பிறகு பெரிய நிலையமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது.)

தட்டில் என்ன குறை?

நெல்லை மில்லில் பளபளவென்று தீட்டும்போது தவிடு போகிறது. தவிட்டோடு பி-1 வைட்டமினும் போகிறது. இதனால்தான் பெரிபெரி வந்தது. நெல்லைப் புழுக்கிய பிறகு குத்தினால், அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் வைட்டமினைக் கண்டார்களா? ஆனாலும் புழுங்கல் அரிசியைக் கைவிடவில்லை!

எனவே சோற்றை விட வேண்டாம். சோற்றை மலையாகவும் மற்றவற்றைத் தொட்டுக்கொள்ளவும் வைப்பதை விட வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும், தட்டில் பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்கட்டும் என்கிறது.

இதற்குச் சீமைச் சரக்கு எதுவும் வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். கொள்ளிலும் உளுந்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கொல்லையில் முருங்கை நிற்கிறது. பிறகு ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பவுடர் டப்பா எதற்கு?

"மாமிசம் தின்றால்தான் பலம்" என்பாரும் உண்டு. முட்டையும் மீனும் நல்ல ஆகாரம்தான், சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம். ஆனால் அது இல்லாமல் பலமே வராது என்பது தவறு. பழைய சென்னை மாகாணத்து வீரகட்டத்தில் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடுவைப் பாருங்கள். மார்பில் கட்டிய இரும்புச் சங்கிலியை மூச்சடக்கித் தெறிக்கச் செய்தவர். மார்பின் மேல் யானையை ஏற்றிக் காட்டியவர். மக்கள் அவரைக் 'கலியுக பீமன்' என்றார்கள். 1942இல் மறைந்த அந்த மாவீரர் சைவ உணவுக்காரர்!

ஐந்தில் தொடங்குங்கள்

பலசாலியை நாம் 'சாண்டோ' என்கிறோம். அது ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோவின் பெயர். 1904-05இல் அவர் இந்தியா வந்து வித்தை காட்டினார். கோவைப் பட அதிபர் சின்னப்பா தேவரின் பெயரோடும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. சாண்டோ மக்களுக்குச் சொன்ன முறை மிக எளிது. சிறிய எடையை எடு, மனதைத் தசையில் வை, தினமும் செய், சிறிது சிறிதாகக் கூட்டு!

கடுமையான பயிற்சி என்றால் முதல் நாளே நூறு தண்டால் என்று அர்த்தமல்ல. முதல் வாரம் ஐந்து தண்டால், பத்து பஸ்கி போதும். வாரத்துக்கு வாரம் இரண்டு மூன்று கூட்டுங்கள். ஏரிக்கரையில் ஒரு நிமிஷம் ஓடி, இரண்டு நிமிஷம் நடங்கள். இப்படிப் பத்து முறை. ஓடும்போது நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், அதுதான் கடும் பயிற்சி. அப்படிப்பட்ட பயிற்சி வாரத்துக்கு 75 நிமிஷமாவது வேண்டும். அல்லது வேகநடை 150 நிமிஷம். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. நடுவே ஓய்வு நாளும், இரவில் நல்ல தூக்கமும் அவசியம். உடம்பு வளர்வது அப்போதுதான்.

ஓர் எச்சரிக்கை. நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். "இயற்கை உணவுக்கு மாறிவிட்டேன்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயிற்சியின்போது நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள்.

வீட்டுப் பெண்களுக்கு?

இதெல்லாம் ஆண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவதும் அவள். கீரையும் பருப்பும் முட்டையும் அவள் தட்டுக்கும் சரிபாதியாக வரட்டும். வேகநடைக்கு அவளையும் அழைத்துச் செல்லுங்கள். அவள் நடந்துவிட்டு வரும்வரை அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டால் குறைந்து போய்விடமாட்டீர்கள்!

குன்னூர் எலிகளுக்கு வேறு வழி இல்லை. வைத்ததைத் தின்றன, வளர்ந்தன, அல்லது மெலிந்தன. நம் தட்டில் எதை வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. ஏரிக்கரையும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

நாளைக் காலையிலேயே ஐந்து தண்டாலுடன் தொடங்குங்கள். ஆறாவது, அடுத்த வாரம் தானாக வரும்!