பனியனும் பின்னல்தான்

எங்கள் படிப்பு மையம் மும்பையில், தாராவியில் இருக்கிறது. நான் அங்கே தொண்டர். மாலையில் வேலை முடிந்து பெண்கள் படிக்க வருவார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா இருக்கிறார். கையில் இரண்டு ஊசியும் நூலும் இருந்தால் போதும். பேசிக்கொண்டே பின்னுவார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் கற்றுக்கொண்ட வேலை அது.

ஒரு மே மாதம் பெரியம்மாவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெரியம்மா குல்லாய், காலுறை, ஸ்வெட்டர் மூன்றும் பின்னினார். அது ஒரு மாத வேலை. ஆசையோடு பேரனுக்குப் போட்டுவிட்டார்.

அன்று இரவு முழுவதும் குழந்தை அழுதது. காலையில் பார்த்தால் கழுத்திலும் மார்பிலும் சிவப்பாக வேர்க்குரு. மருந்தகத்தில் இருந்த நர்சு அம்மா, "முதலில் இந்த ஸ்வெட்டரைக் கழற்றுங்கள்" என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அந்த மௌனம்தான் பெரியம்மாவைச் சுட்டது.

"இனிமேல் ஊசியைத் தொடமாட்டேன். பின்னல் எல்லாம் குளிர் ஊர்க்காரர்களுக்குத்தான்" என்றார் எங்களிடம்.

அவர் சொன்னது சரியா? சேர்ந்து யோசித்தோம்.

கொடியில் தொங்கிய பனியன்

மையத்துக்கு வெளியே கொடியில் ஒரு பனியன் தொங்கியது. அதை எடுத்து வந்து உற்றுப் பார்த்தோம். முன்பக்கத்தில் வரிசை வரிசையாகச் சிறு சிறு கண்ணிகள். பின்பக்கத்தில் அலை அலையாக வளைவுகள். பெரியம்மாவின் கண் விரிந்தது.

"ஏம்மா, இது என் ஸ்வெட்டர் மாதிரியே இருக்கிறதே!" என்றார்.

ஆமாம். வேட்டியும் சேலையும் நெய்த துணி. பனியன் பின்னிய துணி. அதை எந்திரம் பின்னுகிறது. 1893இல் கல்கத்தாவின் கிதிர்ப்பூரில் பனியன் ஆலை தொடங்கியது. கல்கத்தாவும் வியர்த்துக் கொட்டும் ஊர்தான். இன்று பனியன் என்றால் திருப்பூர் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் கோடி கோடிப் பேர் கடும் வெயிலில் அணிவது பின்னல் உடையைத்தான்.

அப்படியானால் குற்றம் பின்னலில் இல்லை. வேறு எதில்?

புழுக்கம் என்றால் என்ன?

வியர்வை காய்ந்தால் உடல் குளிரும். மும்பை கடலோர ஊர். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருக்கிறது. அதனால் வியர்வை எளிதில் காயாது. இதைத்தான் புழுக்கம் என்கிறோம். வியர்வை வரும் சிறு துளைகள் அடைபட்டால் வேர்க்குரு வரும். பச்சைக் குழந்தையின் உடல் பெரியவர் உடலைப் போலச் சூட்டைத் தாங்காது.

கம்பளி நூல் சுருள் சுருளாக இருக்கும். சுருளுக்குள் காற்று அடைபட்டு நிற்கும். அந்தக் காற்று உடல் சூட்டை வெளியே விடாது. காஷ்மீரில் அது நல்லது. தாராவியில் மே மாதத்தில் அது தொல்லை.

பெரியம்மா வாங்கியது கம்பளியும் இல்லை. கடைக்காரர் "உல்லன்" என்று சொல்லிக் கொடுத்தார். நூல் உருண்டையின் சீட்டைப் படித்தோம். "அக்ரிலிக்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. அது ஆலையில் செய்யும் செயற்கை நூல். வியர்வையை உறிஞ்சாது. முன்பு பெரியம்மாவுக்குச் சீட்டைப் படிக்கத் தெரியாது.

நூலை எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட்டு இல்லையா? ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடியுங்கள். கீழே தட்டில் தண்ணீர் வையுங்கள். நூலின் நுனியில் தீ வையுங்கள். குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது.

- பருத்தி: காகிதம் எரியும் வாசனை வரும். சாம்பல் தொட்டால் உதிரும்.
- கம்பளி: முடி கருகும் நாற்றம் வரும்.
- அக்ரிலிக்: உருகும். ஆறிய பின் கெட்டியான உருண்டையாக நிற்கும்.

வெயில் ஊருக்குப் பருத்தி நல்லது. அது வியர்வையை உறிஞ்சும். ஆனால் தடித்த பருத்தி நூல் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காய நேரமாகும். மெல்லிய நூலே வேண்டும்.

முதல் முயற்சி தவறியது

பெரியம்மா மெல்லிய பருத்தி நூல் வாங்கினார். ஸ்வெட்டருக்குப் போட்ட அதே கண்ணிக் கணக்கில் பின்னினார். பின்னியபோது அழகாக இருந்தது. துவைத்துக் கொடியில் தொங்கவிட்டார். அது இழுபட்டுக் குழந்தையின் முழங்கால் வரை வந்துவிட்டது!

ஏன்? கம்பளி இழுத்தால் மீளும். பருத்தி அவ்வளவு மீளாது. ஈரத்தின் கனமும் சேர்ந்து இழுக்கும். ஆகவே பருத்திக்குக் கணக்கு வேறு.

மாதிரித் துண்டு

இந்த முறை முதலில் ஒரு சிறு துண்டு பின்னினார். ஊசியையும் மாற்றினார். நம் கடைகளில் கிடைக்கும் பின்னல் ஊசியில் எண் கூடினால் ஊசி மெலியும். ஸ்வெட்டருக்கு 10ஆம் எண் ஊசி. இதற்கு 9ஆம் எண். ஊசி சற்றுப் பருமனானால் கண்ணி தளரும். காற்று நுழையும். மிகவும் தளர்ந்தால் உடை உருக்குலையும்.

துண்டைத் துவைத்தார். பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தினார். முறத்தின் மேல் பரப்பிக் காயவைத்தார். மழைக்காலத்தில் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே முறத்தை வைக்கலாம். அடியிலும் காற்றுப் போகும். காய்ந்த பிறகே அளந்தார்.

கணக்கை நான் சொல்லிக் கொடுத்தேன். பெரியம்மா தன் நோட்டில் எழுதினார்:

30 கண்ணிகள் = 12 செ.மீ.
1 செ.மீ.க்கு 30 ÷ 12 = இரண்டரைக் கண்ணி
குழந்தையின் மார்புச் சுற்று = 42 செ.மீ.
தளர்வுக்கு = 6 செ.மீ.
மொத்தம் = 48 செ.மீ.
அதில் பாதி = 24 செ.மீ.
24 × இரண்டரை = 60 கண்ணிகள்

அந்த 6 செ.மீ. தளர்வு முக்கியம். உடலோடு ஒட்டிய உடையில் காற்று ஓடாது.

ஜப்லா பின்னும் முறை

முதுகுத் துண்டுக்கு 60 கண்ணிகள். முன்பக்கம் இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 30 கண்ணிகள். அடியில் நான்கு வரிசை இருபக்கமும் நேர்ப் பின்னல் போடுங்கள். இல்லாவிட்டால் ஓரம் சுருளும். பிறகு ஒரு வரிசை நேராகவும் ஒரு வரிசை மறித்தும் பின்னுங்கள். பனியனில் இருப்பது இந்தப் பின்னல்தான். எல்லா வரிசையும் நேராகப் பின்னினால் துணி தடிக்கும். நூலும் கூடுதலாகச் செலவாகும்.

நீளம் 26 செ.மீ. முன் துண்டுகள் 22 செ.மீ. வந்ததும் கழுத்துப் பக்கத்தில் 15 கண்ணிகளை முடித்துவிடுங்கள். மீதி 15 கண்ணிகள் தோளுக்கு. தோளைத் தைத்துச் சேருங்கள். பக்கவாட்டில் அடியிலிருந்து தையுங்கள். கை நுழைய மேலே 10 செ.மீ. விடுங்கள். கை வேண்டாம், காலர் வேண்டாம். முன்பக்கம் துணி நாடா வைத்துக் கட்டுங்கள். நாடா விரல் நீளம் போதும். நீளமாக இருந்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பொத்தான் வேண்டாம். பிய்ந்தால் குழந்தை விழுங்கிவிடும்.

பெரியவர்கள் உடையில் துளைப் பின்னலும் போடலாம். ஊசி மேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அடுத்த இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். ஒரு துளை வரும். ஒரு கண்ணி கூடும், ஒன்று குறையும். மொத்தக் கணக்கு மாறாது. குழந்தை உடையில் இது வேண்டாம். விரல் மாட்டிக்கொள்ளும்.

பெட்டிக்குப் போகாத சட்டை

பெரியம்மா ஜப்லாவை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து மையத்துக்கு வந்தார்.

"என்ன பெரியம்மா, பேரன் அழுதானா?" என்று கேட்டேன்.

"தூங்கினான்" என்றார். பிறகு மெதுவாக, "மாற்றிப் போட இன்னொன்று வேண்டுமாம். மகளே கேட்டாள்" என்றார்.

எனக்குப் பின்னத் தெரியாது. இப்போது பெரியம்மாதான் எனக்குக் கற்றுக்கொடுக்கிறார். என் முதல் மாதிரித் துண்டு கோணலாக இருக்கிறது. "பிரித்துவிட்டு மறுபடி போடு" என்கிறார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பனியனையும் ஒரு சேலையையும் உற்றுப் பாருங்கள். என்ன வேறுபாடு? இரண்டு வரி எழுதுங்கள்.
2. ஒரு மாதிரித் துண்டில் 20 கண்ணிகள் 10 செ.மீ. வருகின்றன. 30 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணிகள் வேண்டும்?
3. பருத்தி உடையை ஏன் தொங்கவிட்டுக் காயவைக்கக் கூடாது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.