வானலை இல்லாத வானொலி

பள்ளிப்பட்டு மாணவர்களுக்குக் கொசஸ்தலை ஆற்றைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. ஆண்டின் பெரும் பகுதியில் மணலாகக் கிடக்கும் ஆறு அது. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஆந்திரப் பகுதியிலுள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பி உபரி நீர் திறந்துவிடப்பட்டால், சில மணி நேரத்துக்குள் தரைப்பாலங்கள் தண்ணீருக்குள் போய்விடுகின்றன. 2021ஆம் ஆண்டு நவம்பரில் இப்படித்தான் நேர்ந்தது. அணை இருப்பது ஒரு மாநிலத்தில். வெள்ளம் வந்து சேர்வது மற்றொரு மாநிலத்தில். எனவே, அணை திறந்த செய்தி தண்ணீரைவிட வேகமாக வந்தாக வேண்டும்.

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். உங்கள் ஊரிலேயே, உங்கள் ஊருக்காகவே, ஒரு சிறிய வானொலி நிலையம் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் பேசுகிறது. (1960ஆம் ஆண்டு ஏப்ரல் வரை பள்ளிப்பட்டு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை உங்கள் தாத்தா, பாட்டி சொல்லியிருப்பார்கள். எல்லைக் கோடு மாறினாலும் வீட்டில் பேசும் மொழி மாறிவிடுவதில்லை.) அந்த நிலையத்தை இரண்டு வகையாக அமைக்கலாம். கோபுரம் நட்டு வானலையில் ஒலிபரப்பலாம். அல்லது கோபுரமே இல்லாமல் இணையத்தின் வழியாக ஒலிபரப்பலாம். இரண்டில் எது மேலானது? விடை அவ்வளவு எளிதல்ல. முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

சமுதாய வானொலி என்று அழைக்கப்படும் சிறு நிலையங்கள் பண்பலையில், அதாவது எப்.எம். அலைவரிசையில், ஒலிபரப்புகின்றன. அவற்றின் ஒலிபரப்பிக் கருவி பொதுவாக 50 வாட் திறன் கொண்டது. ஒரு பழைய குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரம்தான்! அரசு விதிகளின்படி கோபுரத்தின் உயரம் பொதுவாக 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இவ்வளவு சிறிய ஏற்பாட்டைக் கொண்டு 5 முதல் 10 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவர்கள் தெளிவாகக் கேட்க முடிகிறது.

அதற்கு மேல் ஏன் போவதில்லை? திறன் குறைவு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பூமி உருண்டையாக இருப்பது! பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. 30 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் தெரியும். அதற்கு அப்பால் நிலம் வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. அலை சற்றே வளைந்து இன்னும் கொஞ்ச தூரம் போகும். ஆனால் வெகு தூரம் போகாது. பள்ளிப்பட்டிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சென்னையில் உள்ள ஒரு கல்லூரியின் சிறு நிலையம் உங்களுக்குக் கேட்காததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? இடையில் நகரி மலைகளைப் போலக் குன்றுகள் குறுக்கிட்டால் சொல்லவே வேண்டாம். குன்றின் மறுபக்கம் நிழல் விழுந்ததுபோல் ஆகிவிடும்.

நம் நாட்டில் வானொலி தோன்றியதே இப்படிப்பட்ட சிறு முயற்சியாகத்தான். 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலி சங்கம் என்ற ஆர்வலர் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதை நடத்தியது அரசு அல்ல. பணமில்லாமல் 1927இல் சங்கம் நின்றுபோக, பின்னர் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்று 1930இல் மீண்டும் தொடங்கியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அதன் பிறகு நெடுங்காலம் ஒலிபரப்பு முழுவதும் அரசின் கையிலேயே இருந்தது. 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. வழக்கு என்னவோ கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்பதைப் பற்றியது! ஆனால் அந்தத் தீர்ப்புதான் சிறு நிலையங்களுக்குக் கதவைத் திறந்தது. கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்ததும், 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி தரப்பட்டது. 2016இல் இராமேசுவரம் தீவிலுள்ள பாம்பனில் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ என்ற நிலையம் எழுந்தது. காற்றின் வேகம், அலையின் உயரம், வானிலை எச்சரிக்கை ஆகியவை அங்கே பாட்டுக்கு நடுவே வரும் அறிவிப்புகள் அல்ல. படகில் ஏறலாமா வேண்டாமா என்பதையே அவை முடிவு செய்கின்றன.

இனி இணைய வானொலிக்கு வருவோம்.

மைக்கின் முன் ஒருவர் பேசுகிறார். ஒலி என்பது காற்றில் ஏற்படும் அதிர்வு. மைக் அதை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. இதுவரை இரண்டு முறைகளும் ஒன்றே. இதன் பிறகுதான் வழி பிரிகிறது. கணிப்பொறி இந்த மின்னோட்டத்தை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் 16 இலக்கங்கள். எல்லாம் 0 அல்லது 1. இடது, வலது என இரண்டு தடங்கள். பெருக்கிப் பாருங்கள்: 44,100 × 16 × 2 = 14,11,200. ஒரே ஒரு விநாடி ஒலியை எழுத 14 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள்!

இவ்வளவையும் அனுப்பிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே சுருக்க வேண்டும். எப்படிச் சுருக்குவது? பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்தில் விசைத்தறிக் கொட்டகைக்குள் போனவர்களுக்கு இதன் ரகசியம் தெரியும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் மெதுவாகப் பேசினால் காதில் விழாது. அவர் பேசாமல் இல்லை; பேச்சொலி காற்றில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய ஓசை, சிறிய ஓசையை மறைத்துவிடுகிறது. நம் செவியின் இந்தக் குறையை அறிவியலார் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு பாடலில் ஓங்கி ஒலிக்கும் சுரத்துக்கு அருகில் உள்ள மெல்லிய ஒலிகள் எப்படியும் நமக்குக் கேட்கப்போவதில்லை. கேட்காததை எதற்காக அனுப்ப வேண்டும்? அவற்றை நீக்கிவிடுகிறார்கள். எம்.பி.3 என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் முறை இதுதான். இவ்வாறு சுருக்கினால் விநாடிக்கு 14 லட்சம் இலக்கங்கள் என்பது 64,000 ஆகக் குறைகிறது. அதாவது 22இல் ஒரு பங்கு. உற்றுக் கேட்டால் இசையில் சற்று வேறுபாடு தெரியலாம்; பேச்சுக்கு இது தாராளம்.

64,000 இலக்கங்கள் என்றால் 8,000 பைட்டுகள். அவை ஒரே ஓட்டமாக அனுப்பப்படுவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. இணையத்தில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேல் இருக்காது. எனவே ஒரு பொட்டலத்தில் அடங்கும் ஒலி, விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ‘வணக்கம்’ என்று நீங்கள் சொல்வதற்குள் மூன்று, நான்கு பொட்டலங்கள் புறப்பட்டுப் போயிருக்கும்! ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முகவரியும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அவை எல்லாம் ஒரே வழியில்தான் போக வேண்டும் என்பதில்லை. 3ஆம் பொட்டலத்துக்கு முன்னால் 4ஆம் பொட்டலம் வந்து சேரலாம். ஒன்று வழியில் தொலைந்தும் போகலாம்; அப்போது அதை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஒலி விட்டு விட்டுத்தானே கேட்க வேண்டும்? ஏன் சீராகக் கேட்கிறது? உங்கள் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்து வந்து போகிறது. மோட்டாரும் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. ஆனாலும் குழாயில் தண்ணீர் சீராக வருகிறது, தொட்டி காலியாகாத வரை. கைபேசியும் இப்படித்தான் முதலில் சில விநாடிகளுக்கான பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, வரிசைப்படுத்தி, அதன் பிறகே ஒலிக்கத் தொடங்குகிறது. நிலையத்தைத் தொட்டதும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது தொட்டி நிரம்பும் நேரம். பாட்டு நடுவில் நின்றுபோனால் தொட்டி வற்றிவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். வானலை ஒலிபரப்பு தண்டோரா போன்றது. தெருவில் பத்துப் பேர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் தண்டோரா போடுபவருக்கு வேலை ஒன்றுதான். 50 வாட் ஒலிபரப்பியும் அப்படியே. கேட்போர் கூடினாலும் அது ஒரு வாட் கூட அதிகம் செலவழிக்காது. இணைய வானொலியோ தபால் போன்றது. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொட்டலம் அனுப்ப வேண்டும். ஒருவர் கேட்டால் விநாடிக்கு 64,000 இலக்கங்கள். 100 பேர் கேட்டால் 64 லட்சம். கேட்போர் பெருகிக்கொண்டே போனால் ஊர் நிலையத்தின் இணைய இணைப்பு இதைத் தாங்காது. ஆகவே நிலையம் ஒரே ஒரு பிரதியைத் தொலைவிலுள்ள வழங்கிக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. பிரதிகள் எடுத்து அனுப்புவது அதன் பொறுப்பு. கேட்பவருக்கும் செலவு உண்டு. ஒரு மணி நேரம் கேட்டால் 8,000 × 3,600, அதாவது 2 கோடியே 88 லட்சம் பைட்டுகள் தீர்ந்துவிடும். எப்.எம். கேட்பவருக்கு இந்தக் கணக்கே கிடையாது.

பின் எதற்காக இணைய வானொலி? தூரம்! தபாலுக்கு அடிவானம் என்ற தடை இல்லை. 1994ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரிலுள்ள ஒரு மாணவர் வானொலி, தன் ஒலிபரப்பை இணையத்திலும் விட்டது. அன்றுவரை நகரிலும் சுற்றுப்புறத்திலும் மட்டும் கேட்ட நிலையம், இணைய வசதி உள்ள எந்த நாட்டிலும் கேட்கலாம் என்றாயிற்று. பாம்பன் ‘கடல் ஓசை’யையும் கைபேசிச் செயலி வழியே வெளிநாட்டில் வேலை செய்யும் மீனவர் வீட்டுப் பிள்ளை கேட்க முடிகிறது. பள்ளிப்பட்டு நிலையம் ஒன்று இருந்தால், சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன அண்ணன், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று அங்கிருந்தே அறியலாம். வானலையைப் பயன்படுத்தாததால் அலைவரிசை உரிமமும் தேவையில்லை. ஒரு மைக், ஒரு கணிப்பொறி, இணைய இணைப்பு ஆகியவை போதும். திரைப்படப் பாடல்களை மட்டும் உரிமையாளர் அனுமதியின்றிப் போட முடியாது; அந்தச் சட்டம் இங்கும் உண்டு.

இலங்கையின் மலைநாட்டிலுள்ள கொத்மலையில் இவை இரண்டையும் சேர்த்து ஓர் அழகான சோதனை நடந்தது. அங்கு 1989 முதல் ஒரு சமுதாய வானொலி இருந்து வந்தது. 1999 வாக்கில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்த நிலையத்துக்கு இணைய இணைப்பு கிடைத்தது. வேகம் விநாடிக்கு 64,000 இலக்கங்கள். இன்று ஒரே ஒருவர் இணைய வானொலி கேட்கத் தேவைப்படும் அளவுதான்! சுற்றிலும் இருந்த கிராமத்தாரிடம் கணிப்பொறி இல்லை. ஆங்கிலமும் பலருக்குத் தெரியாது. எனவே அவர்கள் தங்கள் கேள்விகளை வானொலிக்கு எழுதி அனுப்பினார்கள். நிலையத்தார் இணையத்தில் விடையைத் தேடி, மக்களுக்குப் புரியும் மொழியில் வானலையில் விளக்கிச் சொன்னார்கள். ஒரே ஓர் இணைப்பு ஊருக்கெல்லாம் பயன்பட்டது. இணையம் தூரத்துச் செய்தியைக் கொண்டுவந்தது; வானலை அதை வீடு வீடாகப் பகிர்ந்தது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை யாரும் செய்ததாக நினைவில்லை.

இனி மறுபடியும் ஆற்றங்கரைக்கு வருவோம். நள்ளிரவு, மழை கொட்டுகிறது, மின்சாரம் போய்விட்டது. கைபேசிக் கோபுரத்திலுள்ள மின்கலம் சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு டீசல் இயந்திரம் ஓட வேண்டும். சாலை துண்டிக்கப்பட்டால் டீசல் வராது. கோபுரம் உறங்கினால் இணைய வானொலியும் உறங்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போன ஊர்கள் பல. அந்த நேரத்தில் இரண்டு பேட்டரி போட்ட சிறிய வானொலிப் பெட்டி வேலை செய்யும். 50 வாட் ஒலிபரப்பியை ஓட்ட, லாரி பேட்டரி ஒன்றிரண்டு இருந்தால் ஓர் இரவு சமாளித்துவிடலாம்.

எனினும், கிருஷ்ணாபுரம் அணையில் மதகைத் திறந்த செய்தி பள்ளிப்பட்டு நிலையத்துக்கு வந்து சேர வேண்டுமே! அது குன்றுகளைத் தாண்டி, மாநில எல்லையைத் தாண்டி வர வேண்டும். அங்கே எப்.எம். உதவாது, இணையமோ தொலைபேசியோதான் வேண்டும். ஆகவே நிலையத்தை அமைப்பவர் இணைய இணைப்பை நிலையத்துக்கும், வானலையைக் கேட்போருக்கும் வைத்துக்கொண்டால் நல்லது. இணைய ஒலிபரப்பு வெளியூர்க்காரர்களுக்காக உடன் இருக்கட்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. உங்கள் ஊரில் நன்றாகக் கேட்கும் ஆகாசவாணி நிலையம் ஒன்றை வானொலிப் பெட்டியில் வையுங்கள். அதே நிலையத்தை அண்ணனின் கைபேசியில் ஆகாசவாணியின் செயலி வழியாகவும் வையுங்கள். பெட்டியில் ஒரு சொல் கேட்டதும் கடிகாரத்தைப் பாருங்கள்; அதே சொல் கைபேசியில் எத்தனை விநாடி கழித்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மழை பெய்யும்போது ஒரு முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே அளவாக இருக்காது. செய்திக்கு முன்னால் நேரம் அறிவிக்கும் ‘பீப்’ ஒலியைக் கைபேசியில் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.