பதிவேடும் ஓர் அமானிதமே

2017 ஆகஸ்ட் இறுதியில் மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் தொடங்கிய இராணுவ வெறியாட்டத்திற்கு அஞ்சி, ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் பங்களாதேஷின் காக்ஸ் பஜாரில் தஞ்சம் புகுந்தனர். குத்துபாலாங் குன்றுகளில் மரங்கள் வீழ்ந்தன. மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குடில்கள் எழுந்தன. வேர் பிடிப்பில்லாத மண் மழையில் சரியும். எந்தச் சரிவு ஆபத்தானது என்பதை அறிய, ஆளில்லா விமானங்கள் எடுத்த படங்களைக் கொண்டு நிலப்படங்கள் வரையப்பட்டன. அவற்றின் துணையுடன் 2018 பருவமழைக்கு முன் பல குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. தொழில்நுட்பம் உயிர் காத்த இடம் இது.

நிலப்படத்தில் ஆள் பெயர் இல்லை, பதிவேட்டிலோ உண்டு. 2018 முதல் ஐ.நா. அகதிகள் ஆணையமும் பங்களாதேஷ் அரசும் இணைந்து கைரேகை, கருவிழிப் பதிவுகளுடன் அடையாள அட்டை வழங்கின. உதவி பெற அந்த அட்டை தேவை. அவ்விவரங்கள் அகதிகளின் முறையான சம்மதமின்றிப் பங்களாதேஷ் வழியாக மியான்மர் அரசிடமே, அதாவது யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களிடமே, சென்று சேர்ந்தன என்று 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது. நோக்கத்தை விளக்கிச் சம்மதம் பெற்றதாக ஆணையம் மறுத்தது.

பெற்றிருக்கட்டும். உதவிக்காக வரிசையில் நிற்பவர் சொல்லும் ‘ஆம்’ எத்தகையது? ஃபிக்ஹு கூறும் ‘இக்ராஹ்’ வரையறைக்குள் இது அப்படியே அடங்காதுதான். ஆயினும் ‘வதீஆ’ சட்டம் நினைவுக்கு வருகிறது: ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரின் அனுமதியின்றி மூன்றாமவரிடம் கொடுத்து, அது அழிந்தால், கொடுத்தவரே ஈடு செய்ய வேண்டும். கைரேகைக்கு எதை ஈடாகத் தருவது? நிவாரணப் பதிவையும் நாடு திரும்புவோர் பதிவையும் தனித்தனியே வைத்து, இரண்டாவதை மறுப்பவருக்கும் உதவி நிற்காது என்பதை ரோஹிங்கியா மொழியிலேயே சொல்லியிருக்கலாம்.