மேலே பூசிய குரோமியமும் உள்ளே கலந்த குரோமியமும்

உலோகத்தின் பெயரால் வழங்கும் ஊர்கள் உலகில் சிலவே. அவற்றுள் ஒன்று நம் சென்னையின் தென்புறத்தில் அமைந்த குரோம்பேட்டை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு எழுந்த குரோம் லெதர் கம்பெனியே இவ்வூருக்குப் பெயர் தந்தது. அதுவரை ஆவாரம்பட்டையிலும் பிற மரப்பட்டைகளிலும் வாரக்கணக்கில் ஊறிப் பதமடைந்த தோல், குரோமிய உப்பின் துணையால் மிகக் குறுகிய காலத்தில் பதமாயிற்று. அவ்வுப்பு தோலின் மேலே படிந்து நிற்பதன்று. அதன் இழைகளுக்குள் புகுந்து அவற்றைப் பிணைப்பது. அதனாலேயே குரோம் தோல் நீருக்கும் வெப்பத்திற்கும் ஈடுகொடுத்தது.

இதே குரோமியம் இன்று ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் உள்ள பழுதுபார்க்கும் பட்டறைகளில் வேறொரு வடிவில் காட்சி தருகின்றது. அங்குள்ள ஸ்பானர்களும் சாக்கெட்டுகளும் பளபளப்பது குரோமியத்தால்தான். ஆனால் அந்தக் குரோமியம் கருவியின் மேலே மட்டும் இருக்கிறதா, உள்ளேயும் கலந்திருக்கிறதா என்பதே தொழிலாளி கேட்க வேண்டிய முதல் வினா. கடைக்காரர் தம் பெயரிட்டு விற்கும் மலிவான கருவியை வாங்குவதா, தொழில்முறையாளருக்கென்றே செய்யப்பெறும் விலையுயர்ந்த கருவியை வாங்குவதா என்று திகைத்து நிற்கும் இளைஞருக்கு இவ்வினா பெரிதும் துணைபுரியும். கடன் வாங்கிப் பட்டறை திறப்பவருக்கு முதற்செலவுகளுள் ஒன்று கருவிப்பெட்டி. அதில் நேரும் பிழை அவருடைய வருவாயை மட்டுமன்றி விரல்களையும் பாதிக்கும். ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாகக் காண்போம்.

இருவகைக் கருவிகள் தோன்றிய வரலாறு

இவ்விரு வகைகளும் தெளிவாகப் பிரிந்து நின்ற நாடு அமெரிக்கா. 1920ஆம் ஆண்டு அங்கு மில்வாக்கி நகரில் ஸ்னாப்-ஆன் நிறுவனம் தோன்றியது. ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி ஸ்பானர் வைத்திருந்த காலத்தில், ஐந்து கைப்பிடிகளையும் பத்து சாக்கெட்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஐம்பது கருவிகளின் வேலையைச் செய்யலாம் என்பது அதன் நிறுவனர் ஜோசப் ஜான்சனின் கருத்து. பின்னாளில் இந்நிறுவனத்தின் விற்பனையாளர்கள் கருவிகள் நிறைந்த வண்டியைப் பட்டறை வாயிலுக்கே கொண்டு சென்றனர். வாரத் தவணையில் விற்றனர். உடைந்ததை அங்கேயே மாற்றிக் கொடுத்தனர். அந்த விலையுள் எஃகின் விலையோடு வண்டியின் வருகையும் தவணையின் வசதியும் அடங்கியிருந்தன.

மற்றொரு புறம், சியர்ஸ் என்னும் பெரும் பல்பொருள் அங்காடி 1927ஆம் ஆண்டு கிராப்ட்ஸ்மேன் என்னும் வணிகப் பெயரைத் தனதாக்கிக் கொண்டது. சியர்ஸ் தானே உலைக்களம் வைத்துக் கருவி செய்யவில்லை. பல ஆலைகளிடம் செய்வித்து, தன் பெயரைப் பொறித்து விற்றது. உடைந்த கைக்கருவியை எக்காலத்தும் மாற்றித் தருவதாக உறுதி கூறியது. நடுத்தரக் குடும்பத்தாரும் தொழிலாளரும் இதனை நம்பி வாங்கினர். அந்நம்பிக்கை நெடுங்காலம் பொய்க்கவுமில்லை. காலப்போக்கில் செய்யும் ஆலைகள் மாறின. உற்பத்தியின் ஒரு பகுதி கடல் கடந்து சென்றது. 2017ஆம் ஆண்டு அப்பெயரை ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் விலைக்கு வாங்கியது. மறு ஆண்டே சியர்ஸ் நொடிப்பு நிலையை அடைந்து நீதிமன்றத்தை நாடியது.

இவ்வரலாறு இரண்டு செய்திகளை உணர்த்துகின்றது. கடைப்பெயர் தாங்கிய கருவி என்பதாலேயே அது தாழ்ந்ததாகிவிடாது. அதேபோல், இன்று நல்ல ஆலையில் செய்யப்பெறும் கடைப்பெயர்க் கருவி நாளை வேறோர் ஆலையிலிருந்து வரலாம், பெயரோ மாறாது. ஆகவே பெயரைக் கடந்து பொருளைப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் கைக்கருவித் தொழிலின் இருப்பிடங்களாகப் பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் விளங்குகின்றன. அங்குள்ள ஆலைகள் அயல்நாட்டு அங்காடிகளுக்கும் கருவிகளை ஏற்றுமதி செய்கின்றன. வாங்குவோர் விரும்பும் பெயரைப் பொறித்துத் தரும் வழக்கமும் உண்டு. மராட்டிய மாநிலத்து நாசிக்கில் ஆலை கொண்ட தபாரியா நிறுவனம் 1965ஆம் ஆண்டு பதிவு செய்யப்பெற்றது. சுவீடன் நாட்டுத் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு வளர்ந்தது. இன்று தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பெரிதும் வழங்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று.

எனவே நம் இளைஞர் முன் உண்மையில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, பெயரே இல்லாததும், விற்பவர் தம் பெயரிட்டதுமான மலிவுக் கருவி. இரண்டாவது, தரக்குறியும் செய்தவர் பெயரும் தாங்கிய உள்நாட்டுத் தொழிற்கருவி. மூன்றாவது, அயல்நாட்டு உயர்விலைக் கருவி. மூன்றாம் படியில் ஒரே ஒரு ஸ்பானருக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டாம் படியின் முழுத் தொகுப்பையே வாங்கிவிடலாம். பெரும்பாலான விவாதங்கள் முதற்படியையும் மூன்றாம் படியையும் மட்டும் ஒப்பிட்டு நின்றுவிடுகின்றன. நமக்கு ஏற்ற விடை நடுப்படியில் இருப்பதை அவை காணத் தவறுகின்றன.

ஒரு ஸ்பானரின் உள்ளும் புறமும்

நல்ல ஸ்பானரின் உடல் குரோம் வனேடியம் எஃகால் ஆனது. இதில் கலக்கும் குரோமியம் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். வனேடியம் அதனினும் குறைவு. இச்சிறு கலப்பே எஃகு உள்வரை ஒரே சீராக உறுதி பெறத் துணை நிற்கின்றது. மேலே காணும் பளபளப்போ நிக்கல் பூச்சின்மீது படிந்த குரோமியப் படலம். அதன் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. அது துருவைத் தடுக்கும், அழுக்கைத் துடைக்க எளிதாக்கும், வலிமை தராது. மென்மையான இரும்பின்மீதும் அதே பூச்சைப் பூசலாம். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே ஒளிரும்.

எஃகின் கலவைக்கு அடுத்தது வார்ப்பும் வடிப்பும். சிவக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் வைத்துச் சம்மட்டியால் அறைந்து உருவாக்கும்போது அதன் இழையோட்டம் கருவியின் வளைவோடு ஒத்துச் செல்கிறது. தகட்டை வெட்டி எடுத்த கருவியில் இவ்வியைபு இல்லை. மூன்றாவது வெப்பப் பதம். காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிர்வித்தால் கடினமாகும். பின் மிதமாகச் சூடேற்றினால் நொறுங்கும் தன்மை நீங்கும். பதம் மிகுந்தால் கருவி திடீரென உடையும். பதம் குறைந்தால் வாய் விரியும். இப்பதத்தைக் கண்ணால் காண இயலாது. மலிவுக் கருவியில் முதலில் குறைக்கப்படுவதும் இதுவே.

நான்காவது வாயின் அளவு. 12 மி.மீ. ஸ்பானரின் வாய் 12 மி.மீ.க்குச் சற்றே கூடுதலாக இருந்தால்தான் நட்டின்மேல் ஏறும். அக்கூடுதல் மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கோடு நிற்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் ஸ்பானர் நட்டின் பக்கங்களை விட்டு மூலைகளை மட்டும் பற்றும், மூலைகள் மழுங்கும். சாக்கெட்டிலும் ரிங் ஸ்பானரிலும் மூலையை விடுத்துப் பக்கத்தில் விசையைச் செலுத்தும் வடிவத்தை ஸ்னாப்-ஆன் முன்னர் காப்புரிமையோடு கொணர்ந்தது. அக்காலம் முடிந்தபின் அவ்வடிவம் பலராலும் கைக்கொள்ளப்பட்டது. உயர்விலைக் கருவியின் நேற்றைய சிறப்பு நடுத்தரக் கருவியின் இன்றைய இயல்பாகிவிடுவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பிழைத்தால் நேர்வது

மலிவான ஸ்பானரின் உண்மை விலை நட்டு மழுங்கும்போதுதான் தெரியவரும். 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 20 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தினால் திருகு விசை ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டராகும். 8 மி.மீ. போல்ட் ஒன்றை முறையாக இறுக்க ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் போதும். துருவேறியதைக் கழற்றவோ இன்னும் மிகுதி வேண்டும். அவ்வளவு விசையோடு இழுக்கும் வேளையில் வாய் விரிந்து வழுக்கினால் கை நேரே எஞ்சினின் கூரிய விளிம்பில் மோதும். விரல் முட்டி கிழிவது ஒருபுறம். தலை மழுங்கிய போல்ட்டை வெல்டிங் வைத்தோ துளையிட்டோ எடுக்க அரைநாள் போவது மறுபுறம். வாடிக்கையாளரின் வண்டிக்கு நேர்ந்த சேதத்திற்கும் பட்டறைக்காரரே விடை சொல்ல வேண்டும். ஸ்பானரில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் ஒரே பிற்பகலில் கரைந்துவிடும்.

ஆயினும் குற்றம் முழுவதையும் கருவியின்மேல் ஏற்றுதலும் தகாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. சிறிய ஸ்பானரைக் குட்டையாகச் செய்திருப்பது சிறிய போல்ட்டின்மேல் மிகுவிசை செல்லாதிருக்கவே. அதன் முனையில் குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் விசையும் இரட்டிக்கும். எவ்வளவு உயர்ந்த கருவியாயினும் போல்ட் முறியும். ஸ்பானரைச் சுத்தியலாகவும் திருப்புளியை உளியாகவும் ஆள்பவருக்கு மூன்றாம் படிக் கருவியும் முதற்படிக் கருவியாகவே முடியும்.

வாழ்நாள் உறுதி என்னும் சொல்

விலையுயர்ந்த கருவிக்கும், இன்று பல கடைப்பெயர்க் கருவிக்கும் வாழ்நாள் உறுதி என்னும் வாசகம் இணைந்து வருகிறது. யாருடைய வாழ்நாள், எங்கே மாற்றித் தருவர், எத்தனை நாளில் தருவர் என்பனவற்றைக் கேட்டறிதல் வேண்டும். அமெரிக்கப் பட்டறையின் வாயிலுக்கு வாரந்தோறும் வரும் வண்டி நம் புறநகர்ச் சாலையோரப் பட்டறைகளின் வழக்கத்தில் இல்லை. உடைந்ததை அஞ்சலில் அனுப்பிக் காத்திருக்கும் நாள்களில் வேலை நின்றுவிடும். ஒரு கல் தொலைவில் உள்ள வன்பொருள் கடையில் அதே ஸ்பானர் தனியாகக் கிடைக்குமாயின், அக்கிடைப்பே நடைமுறையில் பெரிய உறுதி.

தேர்ந்து வாங்கும் முறை

வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு செயலில் இறங்குமுன் கைமுதல், அதற்குரிய கருவி, ஏற்ற காலம், மேற்கொண்ட தொழில், அது நிகழும் இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற ஆராயச் சொல்கிறார். இங்கே கருவி தனித்து நிற்கவில்லை. மற்ற நான்கோடு சேர்த்தே எண்ணப்படுகின்றது. நம் வினாவுக்கும் விடை இதுவே.

தொழிலை நோக்குவோம். ஜப்பானியத் தொழில்நுட்ப வழிவந்த மோட்டார் சைக்கிள்களில் மிகுதியாகக் கை படுவன 10, 12, 14 மி.மீ. அளவுகள். அவற்றில் மட்டும் நல்ல ரிங் ஸ்பானரும் அறுமுனைச் சாக்கெட்டும் டி ஸ்பானரும் வாங்கி, ஆண்டில் சிலமுறையே தேவைப்படும் அளவுகளைச் சிக்கனமாக வாங்கலாம். எஞ்சின் மூடியின் நட்சத்திரத் திருகுகளுக்கு முனை பொருந்திய திருப்புளி இன்றியமையாதது. பொருந்தாத முனை முதல் திருப்பிலேயே திருகைக் கெடுக்கும். காற்றழுத்தத் துப்பாக்கியில் பளபளக்கும் குரோம் சாக்கெட்டைப் பொருத்துதல் கூடாது. அடியைத் தாங்கும் கரிய நிறச் சாக்கெட்டே அதற்கு உரியது. வழுக்கினால் கையைக் காயப்படுத்துவதும், பிழைத்தால் வண்டியைக் கெடுப்பதும் எதுவோ அதில் சிக்கனம் வேண்டா. சுத்தியல், நெம்புகோல், எண்ணெய்த் தட்டு போன்றவற்றில் சிக்கனம் தீங்கு செய்யாது.

காலத்தை நோக்குவோம். கருவியை ஒரே நாளில் நிறைவாக வாங்க வேண்டுவதில்லை. அடிக்கடி தேய்வது எது எனத் தொழிலே காட்டும். அதனை அடுத்த முறை உயர்ந்ததாக வாங்கலாம். ஆண்டுகள் சென்று, மணிக்கணக்கில் ஊதியம் பெறும் தேர்ச்சியும் நுண்ணிய எஞ்சின் வேலையும் வந்தபின் மூன்றாம் படிக் கருவியும் சிலருக்குப் பயன்தரும். பழுதுபார்ப்பே பிழைப்பாக இல்லாத வீட்டாருக்கு முதற்படிக் கருவியே பல்லாண்டு வரும்.

வாங்குமிடத்தில் செய்யத்தக்க சோதனைகளும் உண்டு. செய்தவர் பெயரும் எஃகின் பெயரும் கருவியிலேயே பொறிக்கப்பட்டுள்ளனவா என்று காண்க. இந்தியத் தர நிர்ணயத்தில் திறந்த வாய் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2029 என்னும் எண்கள் உள்ளன. அவை குறிக்கப்பட்டுள்ளனவா என்று நோக்குக. புதிய நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வாயில் பொருத்தி அசைத்துப் பார்க்க. பூச்சு உரிந்திருப்பின் வாங்காது விடுக. உரியும் பூச்சின் விளிம்பு கத்தி போல் அறுக்கும்.

குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், தானியங்கி ஊர்திப் பொறியியலைத் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஆனால் அதன் மதிலுக்கு வெளியே எஞ்சினைப் பிரிக்கும் இளைஞர் பலர் எஃகின் பதத்தைப் பற்றி எவரும் சொல்லக் கேட்டறியாதவர். கற்ற மாணவர் இதனை அவருக்கு எடுத்துரைத்தல் கல்வியின் பயன். ஏழை இளைஞர் தொழில் தொடங்கக் கருவிப்பெட்டி வழங்கும் பெரியோர்க்கும் நாம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: மேடையில் மின்னும் நூறு உருப்படிப் பெட்டியைக் காட்டிலும், அதே தொகையில் உள்ளும் புறமும் ஒத்த பன்னிரண்டு கருவிகளை வழங்குங்கள். முன்னதன் ஒளி விழா முடியும்வரை நிற்கும். பின்னது பெறுபவரின் குடும்பத்தைப் பல்லாண்டு தாங்கும்.